மூக்கு, தலை, கழுத்து: குதிரைப் பந்தயத்தில் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தூரம் என்றால் மைல்தான். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று மாட்டின் தரம் ஏற ஏற, ஓட வேண்டிய மைலும் ஏறும். சாலையோரக் கற்கள் கிலோமீட்டருக்கு மாறிப் பல காலம் ஆகிவிட்டது. பந்தய நோட்டீஸில் மட்டும் "போக வர இத்தனை மைல்" என்று இன்றைக்கும் அச்சடிக்கிறார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெரியாறு அணையின் தண்ணீரை 142 அடி, 136 அடி என்றுதான் பேசுகிறோம். தோட்டத்தைச் சென்ட் கணக்கில் விற்கிறோம். மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்திலும் சென்ட்தான்.

மாட்டுவண்டிப் பந்தயம் முடிந்ததும் முதல் பரிசு எந்த ஊர் வண்டி, இரண்டாம் பரிசு எந்த ஊர் வண்டி என்று மைக்கில் சொல்வார்கள். மறுநாள் பேப்பரிலும் அவ்வளவுதான் வரும். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தது என்பது டீக்கடையில் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி. குதிரைப் பந்தயத்தில் அந்த வித்தியாசத்தையும் எழுதி வைக்கிறார்கள். ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும் ரேஸ் முடிவுகளைப் பார்த்தால், குதிரைகளின் பெயருக்குக் கீழே "1¼, 3, கழுத்து, 1 நிமிடம் 13.92 விநாடி" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிக்கத் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. குமுளிக்குப் போய் லாட்டரிச் சீட்டு வாங்கி வரும் நண்பர்கள் கவனிக்க: இதில் பணம் கட்டும் வழி எதுவும் இல்லை.

நம் பள்ளத்தாக்கில் ரேஸ் கோர்ஸ் கிடையாது. கேரளத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் கிண்டி, ஊட்டி என்று இரண்டு. 2024இல் இரண்டு இடத்து நிலத்தையும் திரும்ப எடுக்கத் தமிழக அரசு நடவடிக்கையில் இறங்கியது. பெங்களூரு, மைசூரு, ஐதராபாத், மும்பை, புணே, கொல்கத்தா, டெல்லி என்று மற்ற ஊர்களில் ரேஸ் கிளப்புகள் உண்டு.

பர்லாங் கணக்கு

குதிரைப் பந்தயத்தின் பழைய அலகு பர்லாங். "இங்கேருந்து ரெண்டு பர்லாங்" என்று பெரியவர்கள் வழி சொல்வார்களே, அதே பர்லாங்தான். ஒரு பர்லாங் 220 கஜம், அதாவது 660 அடி, மீட்டரில் 201.168. எட்டு பர்லாங் சேர்ந்தால் ஒரு மைல்.

660 என்பது விநோதமான எண்ணாகத் தோன்றினாலும் நிலம் அளந்த சங்கிலியோடு அது கச்சிதமாகப் பொருந்தும். பர்லாங் பழையது, சங்கிலிதான் பிறகு வந்தது. இங்கிலாந்தில் 1620 வாக்கில் எட்மண்ட் கண்டர் அறிமுகப்படுத்திய அளவைச் சங்கிலி 66 அடி நீளம். பத்துச் சங்கிலி ஒரு பர்லாங். ஒரு பர்லாங் நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள நிலம் கச்சிதமாக ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட். கிரிக்கெட் பிட்ச்சின் 22 கஜமும் அதே ஒரு சங்கிலிதான். சென்ட் கணக்கு தெரிந்த யாரும் பர்லாங்குக்கு அந்நியர் இல்லை.

பிரிட்டனில் இன்றும் மைல், பர்லாங், கஜம்தான். எப்சம் டெர்பியின் தூரம் ஒரு மைல், நாலு பர்லாங், ஆறு கஜம். அந்த ஆறு கஜத்தைக்கூட விடாமல் எழுதுவார்கள். அமெரிக்காவிலும் அப்படியே, கென்டக்கி டெர்பி பத்து பர்லாங், பெல்மான்ட் வழக்கமாகப் பன்னிரண்டு. இந்தியாவில் மீட்டருக்கு மாறிவிட்டோம். பெரும்பாலான பந்தயங்கள் 1000, 1200, 1400, 1600 மீட்டரில் நடக்கும். இந்தியன் டெர்பி 2400 மீட்டர், செயின்ட் லெஜர் 2800 மீட்டர். இந்த எண்களை உற்றுப் பார்த்தால் பர்லாங்தான் வேஷம் மாறி நிற்கிறது. ஒரு பர்லாங்குக்கு 200 மீட்டர் என்று முழு எண்ணாக்கிவிட்டார்கள்.

அப்படி ஆக்கியதில் பர்லாங்குக்கு ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாகக் குறைகிறது. ஒரு பர்லாங்கில் அது பெரிதாகத் தெரியாது. ஒரு மைல் என்பது 1609.3 மீட்டர், நம் 1600 மீட்டர் அதைவிட 9 மீட்டருக்கு மேல் குறைவு. அது வரிசையாக நாலு குதிரை நிற்கும் நீளம்! எனவே பெங்களூரில் 1600 மீட்டர் ஓடிய நேரத்தை இங்கிலாந்தில் ஒரு மைல் ஓடிய நேரத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு "நம்ம குதிரை வேகம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பை 1972இல் இரண்டு மைலிலிருந்து 3200 மீட்டருக்கு மாறியபோது பந்தயமே கிட்டத்தட்ட 19 மீட்டர் சுருங்கியது.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இன்னொரு இடம், "2000 கினீஸ்", "1000 கினீஸ்" என்ற பந்தயங்கள். அந்த எண் தூரம் இல்லை, பழைய பரிசுப் பணம். கினீஸ் என்பது இங்கிலாந்தின் பழைய தங்க நாணயம். இந்தியாவில் இரண்டு பந்தயமுமே 1600 மீட்டர்தான்.

வளைவில் கூடும் தூரம்

போர்டில் 2400 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் எல்லாக் குதிரையும் 2400 மீட்டர் ஓடுவதில்லை. டிராக்கின் உள்பக்க வேலியை ஒட்டி, அதிலிருந்து சிறிது தள்ளி ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு அதன் வழியாகத்தான் தூரத்தை அளக்கிறார்கள். நேரான பாதையில் வேலி ஓரம் ஓடினாலும் நடுவில் ஓடினாலும் ஒன்றுதான். வளைவில் அப்படியில்லை. அரைவட்ட வளைவு ஒன்றில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடும் குதிரை 3.14 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வளைவு பெரியதா சின்னதா என்பது இந்தக் கணக்கில் வராது. பள்ளிக்கூடத்தில் படித்த பை வேலை செய்யும் இடம் இது. மூன்று மீட்டர் வெளியே ஓடினால் ஒரே வளைவில் 9 மீட்டருக்கு மேல் போய்விடும்.

ஜாக்கிகள் உள்பக்கத்துக்கு முண்டியடிப்பது இதனால்தான். ஆனால் உள்ளே போனால் முன்னால் ஓடும் குதிரைகள் வழியை அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வெளியே போனால் வழி கிடைக்கும், தூரம் கூடும். என்னைக் கேட்டால், ஒரு பந்தயத்தில் பார்க்க வேண்டிய காட்சி கடைசி ஐம்பது மீட்டரைவிட இந்த வளைவுதான். பாதிப் பந்தயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

புல் தேய்ந்துவிடக்கூடாது என்று சில நாள்களில் உள்வேலியையே தற்காலிகமாக வெளியே நகர்த்தி வைப்பார்கள். ஐந்து மீட்டர் நகர்த்தினால் முழுச் சுற்றில் 31 மீட்டர் கூடும். அதைக் கணக்கில் எடுக்காமல் நேரத்தைப் பார்த்துக் குதிரை மந்தமாகிவிட்டது என்று சொல்லக்கூடாது.

குதிரையே அளவுகோல்

இப்போது வித்தியாசத்துக்கு வருவோம். இங்கே மீட்டரும் இல்லை, பர்லாங்கும் இல்லை. நாம் சாண், முழம் என்று நம் உடம்பை வைத்து அளப்பதுபோல, ரேஸில் குதிரையின் உடம்பை வைத்து அளக்கிறார்கள். அடிப்படை அலகு ஒரு லெங்த். மூக்கு நுனியிலிருந்து பின்பக்கம் வரை ஒரு குதிரையின் நீளம், சுமார் 8 அடி, அதாவது 2.4 மீட்டர்.

ஒரு லெங்த்துக்குக் கீழே முக்கால், அரை. அதற்கும் கீழே பின்னத்தை விட்டுவிட்டு உறுப்புகளின் பெயருக்குப் போய்விடுகிறார்கள்: கழுத்து, தலை, ஷார்ட் ஹெட் எனப்படும் குட்டைத் தலை, எல்லாவற்றிலும் சிறியதாக மூக்கு. கழுத்து என்பது ஏறக்குறைய 0.3 லெங்த், நம் கணக்கில் ஒன்றரை முழம். தலை 0.2, ஒரு முழம். ஷார்ட் ஹெட் 0.1, ஒரு சாண். மூக்கு 0.05, அரைச் சாண். நம் ஊர் முடிவுகளில் நீளக் கழுத்து என்று ஒன்றும் வரும். அது கழுத்துக்கும் அரை லெங்த்துக்கும் நடுவில் உள்ளது. இவையெல்லாம் வழக்கத்தில் நிலைத்துவிட்ட தோராயங்கள். எந்தக் குதிரையின் கழுத்தையும் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. ஒரு லெங்த்துக்கு மேலே கால் கால் லெங்த்தாக ஏறும்: 1¼, 1½, 1¾, 2 என்று. வித்தியாசம் மிகவும் அதிகமாகிவிட்டால் முழு எண்தான். அப்போது கால் லெங்த்தைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது.

மேல் எல்லையும் ஒன்று உண்டு. பிரிட்டனில் 30 லெங்த்துக்கு மேல் போனால் எண்ணுவதை விட்டுவிட்டு வெறுமனே "டிஸ்டன்ஸ்" என்று எழுதிவிடுவார்கள். அதன் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரே பந்தயத்தைப் பல சுற்றுகளாக ஓட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றும் நாலு மைல்கூட இருக்கும். வெற்றிக் கம்பத்துக்கு 240 கஜம் முன்னால் இன்னொரு கம்பம் நட்டிருப்பார்கள். முதல் குதிரை வெற்றிக் கம்பத்தைத் தாண்டும்போது இந்தக் கம்பத்தைக்கூட எட்டாத குதிரைகளுக்கு அடுத்த சுற்றில் இடமில்லை. நடுவரின் கணக்கிலும் அவை இல்லை.

1769 மே மாதம் எப்சமில் எக்லிப்ஸ் என்ற குதிரை முதல்முறையாகப் பந்தயத்துக்கு வந்தது. முதல் சுற்றை அது சுலபமாக வென்றுவிட்டது. அடுத்த சுற்றில் எல்லாக் குதிரைகளும் எந்த வரிசையில் வரும் என்று சொல்ல முடியும் என டெனிஸ் ஓகெல்லி என்பவர் பந்தயம் கட்டினார். எப்படி என்று கேட்டதற்கு, "எக்லிப்ஸ் முதல், மற்றவை எங்குமே இல்லை" என்றாராம். எக்லிப்ஸ் மற்ற குதிரைகளை எல்லாம் 240 கஜத்துக்கும் பின்னால் விட்டுவிட்டால், நடுவர் அவற்றுக்கு இடமே தரமாட்டார் என்பதுதான் அதிலிருந்த சூட்சுமம். அப்படியே நடந்தது. பந்தயம் கட்டுகிறவரின் வாய்ச்சவடாலாகத் தோன்றும் இந்தப் பேச்சு, விதியை நன்றாகப் படித்த ஆளின் பேச்சு.

அளப்பது தூரத்தை அல்ல

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றுக்கு வருகிறேன். "மூன்று லெங்த் வித்தியாசம்" என்றால், முதல் குதிரை கோட்டைத் தொட்ட நொடியில் இரண்டாவது குதிரை ஏழு மீட்டர் பின்னால் இருந்தது, அதை யாரோ பார்த்து அளந்தார்கள் என்றுதான் நினைப்போம். பழைய காலத்தில் நடுவர் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னது உண்மை. இன்று அளப்பது நேரத்தை. முதல் குதிரையின் மூக்கு கோட்டைத் தொட்டதற்கும் இரண்டாவது குதிரையின் மூக்கு அதே கோட்டைத் தொட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்து, அதை லெங்த்தாக மாற்றி எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் பழைய வழக்கம் ஒரு விநாடிக்கு ஐந்து லெங்த். பிரிட்டனில் தரையைப் பொறுத்து மாற்றுகிறார்கள். சமதளப் பந்தயத்தில் தரை நன்றாக இறுகியிருந்தால் விநாடிக்கு 6 லெங்த், மழையில் நனைந்து இளகியிருந்தால் 5. தடை தாண்டும் பந்தயங்களில் இன்னும் குறைவு. சேறான தரையில் குதிரைகள் மெதுவாக வரும், அதே ஒரு விநாடியில் குறைந்த தூரத்தைத்தான் கடக்கும் என்பதே காரணம்.

இதில் ஒரு சின்ன முரண்பாடு இருக்கிறது. 1200 மீட்டரை 72 விநாடியில் ஓடும் குதிரை விநாடிக்குச் சுமார் 16.7 மீட்டர் போகிறது. உண்மையான குதிரை நீளத்தில் அது ஏறக்குறைய ஏழு லெங்த். மாற்று விகிதமோ ஆறு அல்லது ஐந்து என்கிறது. அதாவது முடிவுப் பட்டியலில் வரும் லெங்த், நின்றுகொண்டிருக்கும் குதிரையைவிடக் கொஞ்சம் நீளமானது. இதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. எல்லாக் குதிரைக்கும் ஒரே விகிதம் என்பதால் ஒப்பிடுவதற்கு அது போதும்.

பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்பதுதான் பேச்சு; நேரத்தை நேரமாகவே சொல்லிவிடுகிறார்கள். ரேஸ் கோர்ஸில் அதே நேரத்துக்குக் குதிரை உருவம் கொடுத்திருக்கிறார்கள்.

கேமரா என்ன செய்கிறது?

மூக்கு வித்தியாசம் என்பது 12 சென்டிமீட்டர். மேலே சொன்ன வேகத்தில் அதைக் கடக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு போதும். கண்ணுக்கு அது எட்டாது. அதனால்தான் போட்டோ பினிஷ் கேமரா வந்தது. 1937இல் கலிபோர்னியாவின் டெல் மார் ரேஸ் கோர்ஸில் அதைப் பயன்படுத்தினார்கள். பிரிட்டனுக்கு 1947இல் வந்தது. இரண்டே வருடத்தில், 1949 எப்சம் டெர்பியில் நிம்பஸ், ஆமூர் டிரேக், ஸ்வாலோ டெய்ல் என்ற மூன்று குதிரைகளும் தலைக்குத் தலை வித்தியாசத்தில் வந்து சேர, முடிவைக் கேமராதான் சொல்ல வேண்டியிருந்தது.

அது சாதாரணக் கேமரா இல்லை. செங்குத்தான ஒரு மெல்லிய பிளவு வழியாக வெற்றிக் கோட்டை மட்டும் பார்க்கும். அந்தக் கோட்டில் அந்தந்தக் கணத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒரு மெல்லிய கீற்றாகப் பதிவு செய்யும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான கீற்றுகள். அவற்றை வரிசையாக ஒட்டினால் கிடைப்பதுதான் நாம் பார்க்கும் படம். அந்தப் படத்தில் இடமிருந்து வலம் இருப்பது இடம் அல்ல, காலம். படத்தின் எந்த மூலையைத் தொட்டாலும் அது வெற்றிக் கோடுதான், கணம்தான் வேறு. குதிரையின் குளம்பு தரையில் ஊன்றிச் சற்று நின்ற இடம் கோட்டின் மேல் அமைந்துவிட்டால், அது பல கீற்றுகளில் விழுந்து இழுத்து நீட்டிய மாதிரி கோரமாகத் தெரியும். கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம்.

நடுவர் அந்தப் படத்தில் ஒவ்வொரு குதிரையின் மூக்கு நுனியிலும் ஒரு செங்குத்துக் கோடு போடுகிறார். மூக்கு மட்டும்தான் கணக்கு. முன்கால் எவ்வளவு நீண்டிருந்தாலும், ஜாக்கி எவ்வளவு குனிந்திருந்தாலும் செல்லாது. உள்பக்கத்தில் ஓடும் குதிரையை வெளிப்பக்கத்துக் குதிரை மறைத்துவிடலாம் என்பதால், எதிர்ப்பக்கம் கம்பத்தில் ஒரு கண்ணாடி வைத்து அந்தப் பக்கப் பிம்பத்தையும் எடுக்கிறார்கள். இரண்டு மூக்கும் ஒரே கோட்டில் விழுந்தால் டெட் ஹீட். அபூர்வமாக மூன்று குதிரைகளும் ஒன்றாக வந்ததுண்டு. 1956இல் மெல்போர்னின் ஃபிளெமிங்டனில் ஹோத்தம் ஹேண்டிகேப் பந்தயத்தில் அப்படி நடந்தது.

கேலரியிலோ டிவி முன்னாலோ உட்கார்ந்து "நம்ம குதிரைதான் முதல்ல வந்துச்சு" என்று சத்தியம் செய்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. கோட்டுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். வெற்றிக் கோட்டுக்கு முன்னால் நின்று பார்க்கிறவருக்குத் தன் பக்கத்தில் ஓடும் குதிரை முன்னால் இருப்பதாகத் தெரியும். கோட்டைத் தாண்டி நிற்பவருக்கு எதிர்ப்பக்கத்துக் குதிரை முன்னால் தெரியும். இருவரும் பார்த்தது உண்மைதான், இருவர் சொல்வதும் செல்லாது. நடுவரின் கூண்டைக் கோட்டுக்கு நேராகக் கட்டுவது இதற்காகத்தான்.

அந்த ஒரு வரியைப் படிப்போம்

"1¼, 3, கழுத்து, 1 நிமிடம் 13.92 விநாடி." இதில் நேரம் முதல் குதிரையுடையது. வித்தியாசங்கள் அடுத்தடுத்த குதிரைகளுக்கு நடுவே உள்ளவை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் 1¼. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 3. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் ஒரு கழுத்து. எனவே மூன்றாவது குதிரை வென்ற குதிரையிலிருந்து மூன்று லெங்த் பின்னால் என்று படித்தால் தப்பு. கூட்டிப் பார்த்தால் 4¼ லெங்த். நாலாவது குதிரை ஏறக்குறைய நாலரை. விநாடிக்கு 6 லெங்த் என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது குதிரை 0.7 விநாடி தாமதம், அதாவது 1 நிமிடம் 14.6 விநாடியில் வந்திருக்கும்.

பெரிய எண்களையும் இப்படியே பார்க்கலாம். 1973 பெல்மான்ட் பந்தயத்தில் செக்ரட்டேரியட் என்ற குதிரை 31 லெங்த் வித்தியாசத்தில் வென்றது. லெங்த்துக்கு 8 அடி என்றால் கிட்டத்தட்ட 75 மீட்டர். பன்னிரண்டு பர்லாங்கை அது 2 நிமிடம் 24 விநாடியில் முடித்தது. நேரத்தைச் சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள்தான் வியப்பார்கள். 31 குதிரை நீளம் என்றால் யாருக்கும் படம் கண்ணில் விரியும். அதனால்தான் இந்த அலகு சாகாமல் இருக்கிறது என்று தோன்றுகிறது.

இத்தனை நுணுக்கமாக எழுதி வைப்பது பெருமைக்கு மட்டும் அல்ல. ஹேண்டிகேப் பந்தயங்களில் நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி எல்லோரையும் சமப்படுத்துவார்கள். போன பந்தயத்தின் வித்தியாசம்தான் அந்த எடைக்கு முக்கிய ஆதாரம். பழைய கணக்கு ஒன்று உண்டு: ஐந்து பர்லாங் பந்தயத்தில் ஒரு லெங்த் என்பது மூன்று பவுண்டுக்குச் சமம், ஒரு மைலில் சுமார் இரண்டு பவுண்டு, நீண்ட தூரத்தில் ஒரு பவுண்டு. தூரம் கூடக் கூட ஒரு லெங்த்தின் மதிப்பு குறையும். களைத்த குதிரைகள் கடைசியில் சிதறி வருவது இயல்புதானே.

ஆகவே ஆறு லெங்த்தில் ஜெயித்த குதிரைக்கு அடுத்த முறை முதுகில் பாரம் ஏறும். கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்ததற்கு அவ்வளவு ஏறாது. பரிசுப் பணமோ இரண்டுக்கும் ஒன்றே. வெற்றி நிச்சயம் என்று தெரிந்ததும் ஜாக்கி கடைசி ஐம்பது மீட்டரில் குதிரையை விரட்டாமல் விட்டு ஒரு லெங்த்தில் முடித்துக்கொள்வது இதனால் நடப்பதுதான். பொடி எழுத்தில் "ஒரு லெங்த்" என்று மட்டும் பார்த்து இரண்டு குதிரைகளும் சமபலம் என்று முடிவு கட்டாமல், பந்தயக் குறிப்பில் "எளிதாக வென்றது" என்று இருக்கிறதா, "போராடி வென்றது" என்று இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.